எந்த முந்தி?

அலுவலகத்தில் குணாளன் தங்கை காமினியின் மேசையோரம் நின்று அவளுடைய கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பாதி காலிசெய்தார். விரலில் ஒட்டிய உப்பை அவள் நாற்காலி முதுகிலேயே துடைத்துவிட்டு, "பாத்துட்டேன். எழுதியிருக்கேன், படி," என்றார்.

"வாயில சொன்னா என்ன அண்ணே?"

"வாயில கச்சான் இருக்குலா."

அன்று மாலை பாலத்தைத் தாண்டி, சிம்பாங் அம்பாட் வீட்டுக்குப் போகும் வழியில், காரை ஒழுங்காக ஓரங்கட்டிவிட்டு இறந்துபோனார். நெஞ்சுவலி. ஆட்கள் போய்ப் பார்த்தபோது காரின் சிக்னல் விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்ததாம்.

காரியமெல்லாம் முடிந்து பாயான் பாரு அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகுதான் காமினி அவர் படிக்கச் சொன்னதைத் திறந்தாள். மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்கான நிரலில் அவள் செய்த சிறு மாற்றம் அது; அதைச் சரிபார்த்துக் கருத்து எழுதுவது அண்ணன் வேலை. ஒரு சில்லு சரியாக உட்காரவில்லையென்றால் இயந்திரம் என்ன செய்ய வேண்டும்? அவள் எழுதிய முதல் வடிவத்தில் உடனே நின்றுவிடும். இரண்டாவதில் சளைக்காமல் திரும்பத் திரும்ப முயலும். மூன்றாவதில் ஒரே ஒருமுறை முயன்றுவிட்டு நிற்கும். அந்த மூன்றாவதின் கீழே அண்ணன் ஆங்கில எழுத்துகளில் தமிழை அடித்திருந்தார்: முந்தி உள்ளதே நல்லாருக்கு.

எந்த முந்தி? நேற்றும் முந்திதான், பாட்டன் காலமும் முந்திதான். ஒன்றையும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டையும் மூன்றையும். நீக்கிய வரிகள் சிவப்பாகவும் சேர்த்த வரிகள் பச்சையாகவும் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தன. அண்ணன் எந்த இரண்டை வைத்துப் பார்த்தார் என்பது மட்டும் எங்கேயும் தெரியவில்லை. இயந்திரம் தப்பாக ஓடினால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். அவர் கடைசியாகச் சொன்னதைத் தப்பாகச் செய்துவிட்டால்?

குழுத் தலைவி நோர்மா வந்து நின்றார். மாற்றம் இன்றைக்குள் போக வேண்டும். அந்த வரிக்கு அர்த்தம் கேட்டார். முன்பு என்பதை மலாயில், "சபெலும்," என்றாள் காமினி.

நோர்மா திரையையே பார்த்தார். பிறகு மெதுவாக, "யாங் மானா?" என்றார். எது என்று அவருக்கும் அதே கேள்வி.

மதியம் அண்ணிக்குப் போன் போட்டாள். துளசி அண்ணிக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

"அவரு எல்லாத்துக்கும் அதத்தான் சொல்வாரு காமி. வீட்டுக்குச் சாயம் அடிச்சோமே, அப்பவும் முந்தியே நல்லாருந்துச்சுன்னாரு. பச்சையா இருந்தப்பவா, மஞ்சளா இருந்தப்பவான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

இரண்டு பேரும் சிரிக்கப் போய், முடியாமல், போனை வைத்தார்கள்.

சாயங்காலம் காமினி முதல் வடிவத்தையே எடுத்து நான்காவதாக அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் உறைத்தது: இப்போது மூன்றாவதும் முந்திதான்.

நோர்மா தன் பெயரில் ஒப்புதல் கொடுத்தார். மாற்றம் உள்ளே போயிற்று. கருத்தை மூடிவிடும் ‘தீர்ந்தது’ என்ற பொத்தானை யாரும் தொடவில்லை. அண்ணனின் வரி நான்காவதற்கும் கூடவே நகர்ந்து வந்து, அதே இடத்தில், அவருடைய சின்ன வட்டப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது: முந்தி உள்ளதே நல்லாருக்கு.