திருப்பிச் சொல்லும் வாய்

அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் அவருக்கு ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்வார். "மூணாம் பம்ப்பை நிறுத்து" என்றால், "மூணாம் பம்ப்பை நிறுத்துறேன்." சொன்னவர் "சரி" என்ற பிறகுதான் கை சுவிட்சுக்குப் போகும். பாதுகாப்புக்காக ஏற்பட்ட முறை. உலைக்கு நல்லது, வீட்டுக்கு ஆகவில்லை.

ஒரு மழைக்காலையில் மனைவி பெட்டியோடு வாசலில் நின்று, "நான் அக்கா வீட்டுக்கே போயிடுறேன்" என்றாள்.

"நீ அக்கா வீட்டுக்கே போயிடுற" என்றது அவர் வாய், தானாக. அவள் "சரி" சொல்லக் காத்திருந்தார். அவளும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வண்டி ஏறிவிட்டாள்.

மாதங்கள் ஓடின. ஒருவருக்குச் சமைக்கும் அளவு மட்டும் அவர் கைக்கு வரவே இல்லை. மிச்சத்தை மறுநாளும் அவரே தின்றார்.

அப்போதுதான் உலை வெடிக்கப்போகிற திகில் படம் எடுக்கும் இயக்குநர் யோசனை கேட்டு வந்தார்.

"அலாரம் அடிச்சா என்ன சார் பண்ணுவீங்க?"

"கையைக் கட்டிக்கிட்டு முதல்ல பலகையில என்ன காட்டுதுன்னு படிப்போம். அப்புறம் திருப்பிச் சொல்வோம்."

"ஆடியன்ஸ் குறட்டை விட்டுடுவான் சார்!"

திருப்பிச் சொல்வது நாலு காட்சியிலாவது வர வேண்டும் என்று இவர் பேரம் பேசினார்; ஒரு காட்சிதான் படிந்தது. கொசுறாக இரண்டு டிக்கெட்.

ஒன்றை மனைவிக்கு அனுப்பினார். அந்தக் காட்சியைப் பார்த்தால் புரிந்துகொண்டு வந்துவிடுவாள் என்பது அவர் போட்ட கணக்கு.

படம் கால்வாசி ஓடிய பிறகு வந்து உட்கார்ந்தாள். திரையில் சைரன் அலறியது. "வால்வை மூடு" என்றான் நாயகன். "வால்வை மூடுறேன்" என்று உதவியாள் அப்படியே நின்றான். "சரி" வந்ததும் மூடினான். அரங்கமே கொட்டாவி விட்டது. அவள் மட்டும் இவர் பக்கம் திரும்பினாள்.

படம் விட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் கேட்டாள்: "அன்னைக்கு நீங்க சொன்னது இதுதானா?"

"இதேதான். நீ 'சரி'ன்னு சொல்லவே இல்லையே."

"நல்லா இருக்குங்க நியாயம்! பொண்டாட்டி என்ன பம்ப்பா?"

இருவரும் சிரித்தார்கள். பேரம் படிந்துவிட்டது என்றே நினைத்தார்.

சிரிப்பு அடங்கியதும், "எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. வர்ற வாரம் கிளம்புறேன்" என்றாள்.

வாய்வரை வந்ததை விழுங்கினார். பிறகு சொந்தமாக ஒன்று சொன்னார்: "போகாதேயேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைக் கேக்கத்தான் அன்னைக்கு அவ்வளவு நேரம் வாசல்ல நின்னேன். இப்ப அங்க வர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேங்க."

பஸ் வந்தது. அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்தார். கிடைத்திருந்தது, இவர் நின்ற பக்கம் அல்ல, அந்தப் பக்கத்து ஜன்னல்.