கண்டெடுக்க ஒருவர்

கூடையை நாற்சந்தியின் நடுவில் வைத்துவிட்டு இல்கோ ஓடிவந்து, வேலிக்குப் பின்னால் மனைவியின் பக்கத்தில் குந்தினான். கூடைக்குள் இருந்தது அவர்கள் பையன். பிறந்து ஒன்பது நாள், இன்னும் பெயர் வைக்கவில்லை. இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லை. இவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் இப்படித்தான் பால் மறந்து போய்ச் சேர்ந்தன.

"நல்லா போத்தி விட்டீங்களா?" என்றாள் ஸ்லாவ்கா.

"என் கோட்டுத் துணியையும் சேத்துதான்டி போத்தியிருக்கேன்."

இல்கோவின் தாத்தாவையும் பச்சைக் குழந்தையாக இதே இடத்தில்தான் போட்டார்கள். அவருக்கு முன்னால் நான்கு குழந்தைகள் செத்திருந்தன. அந்த வழியாக முதலில் வந்த உப்பு வியாபாரி அவரை எடுத்து, கண்டெடுத்த பிள்ளை என்று பொருள்பட நைதென் என்று பெயரிட்டு, ஞானத்தகப்பனாகி, பெற்றவளிடமே வளர்க்கக் கொடுத்தான். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் சாவு ஏமாந்துபோயிற்றாம். தாத்தா எண்பது வயது வரை ஒயின் குடித்துவிட்டு ஊரைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் பிள்ளைகளும் பேரன்களும் நைதெனோவ் ஆனார்கள். இந்தக் கதையை இல்கோ கேலி செய்தவன்தான். தன் கையால் இரண்டு குழி வெட்டிய பிறகு கேலி வரவில்லை.

வெயில் ஏறும்போது அதே ஊர்க்காரன் மிட்ரோவின் வண்டி வந்தது. கூடையைக் கண்டு குதிரை நின்றது. மிட்ரோ வேலியைப் பார்த்தான்.

"இல்கோ, நீ அங்கதான் ஒளிஞ்சிருக்கேன்னு தெரியும்டா. இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா சாவு அடுத்து எடுத்தவன் வீட்டுக்குத்தான் வரும். எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு. கோச்சுக்காத."

வண்டியை வயலில் இறக்கிச் சுற்றிக்கொண்டு போனான். அதன்பின் ஆடு ஓட்டிவந்த ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனாள். செய்தி ஊருக்குள் போயிருக்க வேண்டும். விதின் நகரத்தில் சந்தை நாளாக இருந்தும் அந்தச் சாலையில் ஒரு கோழிகூட நடக்கவில்லை.

"சத்தமே காணோமே," என்றாள் ஸ்லாவ்கா.

"அழுது அசந்திருப்பான்."

"யாராவது வருவாங்களாங்க?"

இல்கோ எழுந்தான். வேலியோரமாகக் குனிந்தே வெகுதூரம் போய், சாலை திரும்புகிற இடத்தில் மேலேறினான். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு வழிப்போக்கனைப் போல நடந்துவந்தான்.

"அடடா, யார் பெத்த புள்ளையோ!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே குனிந்து எடுத்தான். கன்னத்தில் சூடில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு வரவில்லை. ஆனாலும் ஆரம்பித்ததை நிறுத்த அவனால் முடியவில்லை.

"நைதென்," என்றான்.

ஸ்லாவ்கா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். கட்டின புருஷன் முன்னால் அன்னியரைக் கண்டவள்போலத் தலை குனிந்தாள்.

"நல்லா இருங்கய்யா. எந்த ஊருங்க நீங்க?"

"மலைக்கு அந்தப் பக்கம்மா."

"உங்க புள்ளைய நான் வளத்துக் குடுக்கட்டுங்களா?"

அவள் கைகளை நீட்டினாள். இல்கோ குழந்தையைச் சட்டைக்குள் இறுக்கிக்கொண்டான்.

"தூங்குறான். கொஞ்ச தூரம் நானே தூக்கிட்டு வர்றேம்மா."

சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வழி தெரியாதவரை அழைத்துப் போகிறவளாக அவள் முன்னால் நடந்தாள்.