நீல டிரம்மின் மேல் அரக்கு

ராஜேந்திரனின் இடது கண்ணைப் பறித்தது மோகன் கையிலிருந்த இரும்புக் குழாய் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறது. பொய்யில்லை. ஆனால் அந்தக் குழாயை அவன் கையில் கொடுத்தவள் நான். என் பெயர் ஜோதிலட்சுமி, உணவு பாதுகாப்பு அலுவலர், பதினோரு வருட சர்வீஸ். கோபக்காரி என்று ஆபீசில் பெயர். கோபம் வந்தால் எனக்குக் கைவேலை மளமளவென்று ஓடும். அன்றைக்கும் அப்படித்தான் ஓடியது.

சித்திரைத் தேர் பார்க்கத் திருக்கழுக்குன்றம் நடந்து போகிறவர்களுக்காகச் சதுரங்கப்பட்டினம் சாலையில் பனங்காட்டுமேட்டு ஊர்க்காரர்கள் வருடா வருடம் மோர்ப்பந்தல் போடுவார்கள். இந்த வருடம் பந்தல் போட்ட மறுநாள் காலைக்குள் நூற்றுப் பன்னிரண்டு பேர் வாந்திபேதியோடு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். கட்டில் போதாமல் வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கவைத்து, ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

நான் பந்தலுக்குப் போனபோது மோர் கலந்த அண்டாக்களைத் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு சொட்டு மோர் மிச்சமில்லை, நறுக்கிய பலகைகூடக் கழுவியாயிற்று. தடயத்தை அழிக்க இந்த ஜனங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு நீல டிரம்மும் அதில் பாதித் தண்ணீரும்தான்.

பந்தலை நடத்துகிற உலகநாதன் என் பக்கத்தில் வந்து நின்றார். ஊரில் பெரிய கீரைத்தோட்டக்காரர். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல்.

"தண்ணியப் பாருங்கமா. பதினாறு வருசமா நம்ம ஊரு போர் தண்ணிதான். ஒருத்தனுக்கு ஒரு தலவலி வந்ததில்ல. இந்த வருசம் மோட்டார் பூட்ச்சி. காலனி ராஜேந்திரன் டெம்போல வந்த தண்ணிய ஊத்துனோம்."

'காலனி' என்ற இடத்தில் அவர் குரல் ஓர் அழுத்து அழுத்தியது. எனக்குக் கேட்டது. கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ராஜேந்திரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஆர்.ஓ. தண்ணி மேடம். எங்க வூட்லயும் அதாங் குடிக்கிறோம். எம் புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவலியே."

"நீ பேசாம நில்லு" என்றேன். உலகநாதனிடம் 'சொல்லுங்க' என்ற அதே வாய். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தண்ணீரில் மாதிரி எடுத்துக்கொண்டேன். டிரம்மையும் கையோடு ஜீப்பில் ஏற்றியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. டிரம்மின் வாயைத் துணியால் இறுகக் கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, அறுபது பேர் பார்க்க முத்திரையைக் குத்தினேன். ராஜேந்திரனிடம் கையெழுத்தும் வாங்கினேன். சீல் வைத்தால் குற்றவாளி என்று அர்த்தமில்லை. சோதனை முடியும்வரை யாரும் தொடக்கூடாது, அவ்வளவுதான். இதை யார் அவர்களுக்குச் சொன்னது? நான் சொல்லவில்லை. ஜீப் கிளம்பும்போது பின்னால் ஒரு குரல், "சீல் வச்சிட்டாங்கடா!" என்றது. ராஜேந்திரனின் மனைவி வரலட்சுமி மட்டும் ஓடிவந்து, எதற்கும் இருக்கட்டும் என்று என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராக உட்கார்ந்து கேட்டேன். எப்போது குடித்தாய், எத்தனை டம்ளர், வேறு என்ன தின்றாய். ஒரே கேள்வியை நூறு தடவை கேட்கிற வேலை இது. கடைசிப் பாயில் கேளம்பாக்கத்திலிருந்து வந்த திவ்யா என்ற பெண் படுத்திருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, உதடெல்லாம் வெடித்திருந்தது.

"நான் எந்தப் பந்தலுக்கும் போகல மேடம். ஃப்ளாட்டை விட்டே வெளிய வரல."

"அப்போ என்ன சாப்பிட்ட?"

"தோசை. பச்சைக் கொத்தமல்லி சட்னி. கேட்டுக்கு வெளிய வேன்ல பனங்காட்டுமேட்டுத் தோட்டத்துக் கீரைன்னு விப்பாங்க. தண்ணி சொட்டச் சொட்ட ஃப்ரெஷ்ஷா இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. லிஸ்ட்டைத் திரும்பப் புரட்டினேன். பந்தல் காலை ஏழு மணிக்கே திறந்திருக்கிறது. ஆனால் ஒன்பது மணிக்கு முன்னால் குடித்தவர் ஒருவர்கூட இந்த நூற்றுப் பன்னிரண்டில் இல்லை. எழுந்து குழந்தைகள் வார்டுக்கு ஓடினேன். அங்கே வேண்டா என்கிற உலகநாதனின் மனைவி பேரன் ஹரிஹரனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் மகன் மோகனின் பையன், ஆறு வயது. கண்கள் குழிக்குள் போய்விட்டன, கைத்தோல் கிழவனுடையதைப் போலச் சுருங்கியிருந்தது. மோர் கலந்தது வேண்டாதான்.

"காலையில மோருல இன்னா போட்டீங்கமா?"

"உப்பு, பெருங்காயம். தழை வரல. ஒம்போது மணிக்குத்தான் எங்க வூட்டுக்காரரு கொத்தமல்லி மூட்டையக் கொண்டாந்து போட்டாரு. அப்பறம் நறுக்கித் தூவுனோம்."

"நறுக்குமுன்னால கழுவுனீங்களா?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "ஈரமாத்தான்மா வந்துச்சி. தண்ணி சொட்டிகினு இருந்துச்சி. ஈரமா வந்தா கழுவுனதுதானே?"

அடப்பாவமே! ஈரத்தைப் பார்த்துச் சுத்தம் என்று நம்பி, அள்ளி அள்ளித் தூவியிருக்கிறார்கள். ராஜேந்திரனின் தண்ணீர் காலையிலும் அதேதான், ஒன்பது மணிக்கு மேலும் அதேதான். புதிதாக வந்தது தழை மட்டும்.

ஜீப் டிரைவர் தனகோடியைக் கிளப்பிக்கொண்டு உலகநாதன் தோட்டத்துக்குப் போனேன். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு குட்டை. அதற்குப் பத்தடி இப்பாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டேன். செல்லம்மா என்ற கூலிக்கார அம்மா கொத்தமல்லியைக் கட்டிக் கட்டி அந்தக் குட்டையில் முக்கி எடுத்துச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குமா இதுல முக்கறீங்க?"

"வெயிலுக்கு வாடாம இருக்கத்தான்."

கரையில் பெரிய டயர்த் தடம் பதிந்திருந்தது. "இங்க லாரி எதுக்கு வருது?"

"கேளம்பாக்கம் ஃப்ளாட்டு லாரிமா. கக்கூசுத் தண்ணி. வாரத்துல ரெண்டு லோடு வுட்டுட்டுப் போவான். உரமாச்சேனு அய்யாதான் வுடச் சொன்னாரு."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மாடி வீட்டுக்காரன் கழித்தது லாரி ஏறி இங்கே வந்து, கீரையாகி, அவன் தட்டுக்கே சட்னியாகத் திரும்பப் போகிறது. தெரிந்துதான் உலகநாதன் என் பார்வையைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாரா? அப்போது எனக்குத் தெரியாது. ஒரு கட்டுக் கொத்தமல்லியைப் பையில் போட்டுக்கொண்டு, பாட்டிலில் குட்டைத் தண்ணீரை மொண்டு மூடும்போது போன் அடித்தது.

"மேடம்!" வரலட்சுமி. பின்னால் ஒரே கூச்சல். "மோகன் புள்ள பூட்ச்சாம் மேடம். வூட்டக் கொளுத்திட்டாங்க. அவரப் பந்தலுக்கு இழுத்துகினு போறாங்க. உங்க நம்பர்தான் எங்கிட்ட கீது மேடம்..."

போலீசுக்கு அடித்துச் சொன்னேன். "வர்றோம்" என்றார்கள். அவர்கள் வருவதற்குள் பந்தலுக்கு நான் போய்விடலாம், ஏழு நிமிடம். தனகோடி நாலு நிமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

டெம்போ எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் கேன்கள் உருகிச் சாலையில் ஒழுகின. ராஜேந்திரனைப் பந்தல் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சட்டை இல்லை. தோள்பட்டையில் தோல் உரிந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நான் ஜீப்பிலிருந்து காலை எடுத்து வைக்கிறேன், மோகன் குழாயை ஓங்குகிறான். ஈரத்துணியைக் கல்லில் அறைகிற மாதிரி ஒரு சத்தம். ராஜேந்திரன் கத்தவில்லை. அவர் முகத்தின் இடது பக்கம் இருந்த இடத்தில் ரத்தம் மட்டும் இருந்தது.

வரலட்சுமியின் கூந்தலைப் பிடித்து இரண்டு பேர் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி செருப்பால் அவள் வாயிலேயே அடித்தாள். நேற்று என்னிடம் "காபி குடிங்க மேடம்" என்று டம்ளரை நீட்டிய அதே பெண்.

நான் குறுக்கே பாய்ந்தேன். அடுத்த அடி என் முன்னங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது.

"தள்ளு மேடம்!" மோகன் மூச்சிரைத்தான். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. "கவர்மெண்டே சீல் வச்சிட்ச்சி. இதோ, டிரம்மு நிக்குது. நீதானே வச்சே? அப்பறம் இன்னாத்துக்குக் குறுக்க வர்றே?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்துக்கு நடுவே அந்த நீல டிரம், அதன் மேல் என் அரக்கு. என் உடம்பெல்லாம் கூசியது.

"தண்ணியில ஒண்ணுமில்லடா பாவி!" என்று கத்தினேன். "பந்தல்ல ஒம்போது மணிக்கு முன்னால மோரு குடிச்சவங்க யாரு? கையத் தூக்குங்க! தூக்குங்கனா!"

ஒரு கை மேலே போனது. பிறகு இன்னொன்று. பிறகு பத்து, இருபது. உருட்டுக்கட்டையோடு தூக்கினார்கள், கல்லோடு தூக்கினார்கள். வரலட்சுமியின் முடியைப் பிடித்திருந்தவனும் ஒரு கையை விட்டுவிட்டுத் தூக்கினான்.

"உங்கள்ல யாருக்காச்சும் வயிறு கலங்குச்சா? நீங்க குடிச்சதும் இந்தத் தண்ணிதான்!"

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. டெம்போ டயர் ஒன்று வெடித்தது.

"அப்ப எதுல?" என்றான் மோகன். குரல் உடைந்திருந்தது. "எம் புள்ள எதுல போனான்? சொல்லு!"

உலகநாதன் பந்தலோரத்தில் நின்றிருந்தார். 'ரிப்போர்ட் வரட்டும்' என்று நான் சொல்லியிருக்கலாம். அதுதான் முறை. ஆனால் ரிப்போர்ட் வருகிறவரை ராஜேந்திரன் உயிரோடு இருக்க மாட்டார், வேறு ஒன்றைக் காட்டாமல் இந்தக் கூட்டம் அவரை விடாது. இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் எனக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

"கொத்தமல்லியில. உங்கப்பா கொண்டாந்து போட்ட கொத்தமல்லியில. கக்கூசு லாரி கொட்டுற குட்டையில முக்கி எடுத்தது."

மோகன் மெல்லத் திரும்பினான். "நைனா?"

"ஒரு நாளும் ஒண்ணும் ஆவலியேடா..." என்றார் உலகநாதன். "இத்தினி வருசமா அப்டித்தானேடா..." இல்லை என்று அவர் சொல்லவில்லை.

மோகனின் முதல் அடி அவர் முழங்காலில் விழுந்தது. அவர் மடிந்து உட்கார்ந்தபோது என் உள்ளே ஏதோ ஒன்று 'போடு' என்றது. இரண்டாவது அடி இடுப்பில். மூன்றாவதுக்கு அவன் தலைக்கு ஓங்கினான். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது, ஒருவன் அசையவில்லை. தனகோடிதான் பின்னாலிருந்து பாய்ந்து மோகனைக் கட்டிப்பிடித்து உருண்டார். குழாய் கைநழுவியதும் மோகன் தரையில் முட்டி முட்டி அழுதான். போலீஸ் வேன் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆறாம் நாள் ரிப்போர்ட் வந்தது. டிரம் தண்ணீர் சுத்தம். கொத்தமல்லியிலும் குட்டையிலும் காலராக் கிருமி. உடைந்த கையில் மாவுக்கட்டோடு அதை எடுத்துக்கொண்டு ராஜேந்திரனின் கட்டிலுக்குப் போனேன். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. கண்ணை எடுத்துவிட்டார்கள்.

"உங்க தண்ணியில ஒண்ணுமில்லனு வந்துடுச்சிங்க" என்றேன்.

வரலட்சுமி தையல் போட்ட உதட்டோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இத எங்களுக்கு இன்னாத்துக்கு சொல்றே? எங்களுக்குத் தெரியாதா? நீ சீல் வச்சப்ப அறுவது பேரு நின்னாங்க. அந்த அறுவது பேரயும் நிக்க வச்சி ஒடை."

ராஜேந்திரன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பந்தலுக்குப் போனேன். பட்டப்பகல், மண்டை பிளக்கிற வெயில். தனகோடி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டவர்கள் உண்டு. 'அறுபது பேர் வராமல் உடைக்க மாட்டேன்' என்று டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணிநேரத்தில் வந்தார்கள். ரிப்போர்ட்டை உரக்க வாசித்தேன். கல்லை எடுத்து ஒற்றைக் கையால் அரக்கை இடித்தேன். நன்றாக வைத்திருந்தேன், லேசில் உடையவில்லை. ஐந்தாவது இடியில் தெறித்தது.

ராஜேந்திரன் டிரம்மைச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டினார். கூட வந்த ஆட்டோவிலிருந்து ஒரு புதுக் கேனை இறக்கி, எல்லோரும் பார்க்க மூடியைக் கிழித்து, ஒரு டம்ளர் ஊற்றி என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். ஜில்லென்று நன்றாக இருந்தது.

அவர் இன்னொரு டம்ளர் ஊற்றிக் கூட்டத்தை நோக்கி நீட்டினார். "குடிங்க" என்றார்.

அந்த வெயிலில் எல்லோருக்கும் நாக்கு வறண்டிருந்தது. தண்ணீரில் ஒன்றுமில்லை என்று அறுபது பேருக்கும் இப்போது தெரியும். அன்றைக்கு ஒன்பது மணிக்கு முன்னால் குடித்தேன் என்று கை தூக்கிய அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். ராஜேந்திரன் கை வலிக்கும்வரை டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றார். அவர் கையிலிருந்து யாரும் வாங்கவில்லை.