நின்று எரிந்த வண்டி

அந்த வேன் ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. பதினொரு வருடமாக அதை ஓட்டிக்கொண்டிருந்தவளை எல்லோரும் வேன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். சிறுநீரகம் பழுதானவர்களை வீடு வீடாகப் போய் ஏற்றி, டயாலிசிஸ் நிலையத்தில் இறக்கி, நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவள் வேலை.

இரண்டு மாதமாக வேன் சரியில்லை. காலையில் சாவியைத் திருப்பினால் இருமிக்கொண்டே கிடந்தது. சிக்னலில் நிற்கும்போது குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறியது. ஏற்றத்தில் பின்னால் கரும்புகை.

“அக்கா, நீங்க எங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நாங்க இந்த வண்டியக் கூட்டிட்டுப் போறோமா?” என்று பின்னாலிருந்து தையல்காரர் கேட்டார்.

“இன்ஜெக்டர்தான். டீசல் தெளிக்கிற மூக்கு அடைச்சுப் போச்சு. ஊசிக்காரர்கிட்ட விடணும்.”

“ஐயையோ, எங்களுக்குக் குத்துற ஊசி பத்தாதா?”

வேனே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். முன்சீட்டில் யாரும் இல்லை.

அது கணக்கு வாத்தியாரின் இடம். ஆறு வருடம், வாரத்துக்கு மூன்று நாள் அங்கேதான் உட்கார்ந்து வந்தார். அவர் வீடு ஊருக்கு வெளியே, கடைசி. மற்றவர்களை இறக்கிவிட்ட பிறகு இருபத்தைந்து நிமிடம் வேனில் அவர்கள் இருவர் மட்டும். அவர் வாய் ஓயாது. எதிரே வரும் வண்டிகளின் நம்பரைப் பெருக்கி விடை சொல்வார். தான் ஃபெயிலாக்கிய பையன் இன்று மேனேஜராகி, நாற்காலியிலிருந்து எழுந்து தனக்கு வணக்கம் வைப்பதைச் சொல்வார். ஊசி குத்தும் நேரத்தில் இன்னமும் உள்ளுக்குள் நடுங்குவதையும் சொல்வார். இறங்குவதற்கு முன்னால் தவறாமல் ஒன்று கேட்பார்: “இன்னைக்கு வீட்ல என்ன சமையல்?”

அவளை அப்படிக் கேட்க வேறு ஆள் கிடையாது. புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பதினான்கு வருடம். மகனுக்குக் கப்பலில் வேலை. கரை தெரிந்தால்தான் அவன் குரல் கேட்கும். வாத்தியாருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே அவள் ஏதாவது சமைத்தாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை அவர் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, “நேத்தே முடிஞ்சிடுச்சும்மா” என்றார். மற்றவர்களுக்கு நேரமாகிவிடும் என்று அவள் வேனைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஊசிக்காரரின் பட்டறை சந்தின் கடைசியில் இருந்தது. நீளமான ஒற்றை அறை. இன்ஜெக்டர் தவிர வேறெதையும் தொடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். அறுபது வயதிருக்கும். கூட யாரும் இல்லை; தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்பவர். அந்த வகை வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். அவர் போல்ட்டுகளைக் கழற்றி, பயணி சீட்டை அப்படியே தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

“இது உங்களுதாம்மா?”

தூசி படிந்த கண்ணாடிக் கூடு. உள்ளே வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி, ஒரு காது நூல் சுற்றிக் கட்டப்பட்டபடி. “இத எங்க வெச்சேன்னே தெரியலம்மா” என்று அவர் ஒரு மாதம் புலம்பியது அவளுக்கு நினைவு வந்தது. வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஊசிக்காரர் குழாய்களைக் கழற்றினார். திறந்த வாய்களில் தூசி போகாமல் ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டார். ஒன்று, இரண்டு, நான்கு என மூன்று இன்ஜெக்டர்கள் முனகிக்கொண்டே வெளியே வந்தன. மூன்றாவது வரமாட்டேன் என்றது. சுற்றிலும் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். அரை மணி கழித்து எடைக்கட்டி வைத்த இழுப்பானை மாட்டி, மேல்நோக்கித் தட்டித் தட்டி இழுத்தார். ஒரு பல்லைப் பிடுங்குவதுபோல் இருந்தது. கடைசியில் கரி அப்பிய கம்பியாக அது கையோடு வந்தது.

நான்கையும் ஒவ்வொன்றாகப் பரிசோதனை மேஜையில் பொருத்தி அழுத்தம் கொடுத்தார். முதல் இரண்டும் பனிமூட்டம்போல் தெளித்தன. நான்காவது ஒரு பக்கமாகச் சாய்ந்து பீய்ச்சியது. மூன்றாவது தெளிக்கவே இல்லை. மூக்கொழுகும் பிள்ளைபோல் நுனியில் சொட்டுச் சொட்டாக வடித்தது.

“சொட்டுற டீசல் எரியாதும்மா. புகையாத்தான் போகும்” என்றார். பிறகு நான்கின் நுனிகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தேய்த்து முகர்ந்தார். “இந்த வண்டிய வேற யாராச்சும் எடுக்கறாங்களா?”

“இல்லையே. நான் ஒருத்திதான்.”

“ரோட்டுல ஓடுன வண்டியோட கரி காஞ்சு, கெட்டியா இருக்கும். இது பாருங்க, மெத்துன்னு, ஈரமா இருக்கு. ஓடி வந்த கரி இல்ல இது. நின்ன எடத்துலயே எரிஞ்ச கரி. தெனமும் மணிக்கணக்குல இன்ஜின ஓடவிட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. யாரோ ஏசி போட்டுத் தூங்கறாங்க போல.”

“பேஷண்டுக்குப் புழுக்கம் தாங்காது. காத்திருக்கும்போது போடுவேன்” என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது என்று அவளுக்கும் தெரிந்தது. கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: “டாக்டர்கிட்டயும் என்கிட்டயும் மறைச்சா வைத்தியம் தப்பாயிடும்மா.”

அவள் சுவரோரம் சாய்த்திருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“சாயங்காலம் கடைசி ஆள எறக்கிட்டு வீட்டு வாசல்ல நிறுத்துவேன். உள்ள போகப் பிடிக்காது. உக்காந்திருப்பேன். ஆஃப் பண்ணா ஒரேயடியா அமைதியாயிடுது. அதான் ஓடிட்டே இருக்கட்டும்னு...”

“எவ்ளோ நேரம்?”

“ஒரு மணி. சில நாள் ரெண்டு.”

அவர் “ம்” என்று மட்டும் சொல்லி, மூன்றாவது இன்ஜெக்டரைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்தார். “இதுக்கு நாசில், அந்த மூக்கு நுனியே மாத்தணும். வர ஒரு நாள் ஆகும். மத்ததெல்லாம் கழுவிடலாம். நாளைக்கு மறுநாள் வாங்க.”

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் கையில் சாவி இல்லை. நிலையத்தில் வேறு வேன் ஏற்பாடு செய்துவிட்டார்கள். மறுநாள் மதியம்வரை வீட்டில் இருந்த இரண்டு அறையையும் மூன்று தடவை கூட்டினாள். ஃபோன் ஒருமுறை அடித்தது. ஆசையாக எடுத்தாள், தவறான நம்பர். அதற்குமேல் முடியாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வாத்தியார் வீட்டுக் கதவு அவள் தட்டுவதற்கு முன்பே திறந்தது. வாத்தியாரம்மா நின்றுகொண்டிருந்தார். ஒரு கணம் அவருக்கு ஆள் பிடிபடவில்லை. வேனுக்குள் அல்லாமல் அவளைப் பார்த்ததே இல்லை.

“வேன்காரம்மாவா! வாம்மா, வா. நாலரை ஆனா, அவர் வர்ற நேரம்னு இப்பவும் கை தானா கதவத் தொறந்துடுது. நெஜமாவே ஆளு நிக்கும்னு நெனைக்கல.”

அவள் கண்ணாடிக் கூட்டை நீட்டினாள். “சீட்டுக்கு அடியில இருந்துச்சு. துக்கத்துக்கு வரல. அதுக்கு மன்னிக்கணும்.”

அந்த அம்மாள் கண்ணாடியை வெளியே எடுத்து, நூல் கட்டை விரலால் தடவினார். “இந்த நூல் நான் கட்டுனது.” உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, தேநீர் போட்டுக் கொடுத்தார். சுவரோரம் வாத்தியாரின் கட்டில், மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றார் வாத்தியாரம்மா. “தப்பா நெனைக்காத. ஒன்கிட்டயாவது பேசுவாரா?”

“என்னம்மா?”

“இந்த ஆறு வருஷமா வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்த கெடையாது. வருவார், செவுத்தப் பாத்துப் படுத்துக்குவார். முன்னாடியெல்லாம் அப்படி இல்ல. ஊரே காத மூடிக்கிட்டு ஓடற மாதிரி பேசுவார். நான் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கமே போச்சு. கேக்கறதுக்குள்ள போயிட்டார்.”

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். தனக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த இருபத்தைந்து நிமிடம்தான். அது யாருடைய பங்கிலிருந்து வந்தது என்று அவள் இதுவரை யோசித்ததில்லை. பெருக்கல் கணக்கும், மேனேஜர் கதையும், ஊசி பயமும், சமையல் விசாரிப்பும் தொண்டைவரை வந்து நின்றன.

“இல்லம்மா” என்றாள். “வண்டியில ஏறுனதும் கண்ண மூடிக்குவார். எறங்கற வரைக்கும் தெறக்க மாட்டார். ரத்தத்த எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ள விட்டா ஒடம்புல ஒண்ணுமே மிஞ்சாதும்மா. பேச்சு எங்கேர்ந்து வரும்?”

“எல்லாருமே அப்படித்தானா?”

“எல்லாருமே அப்படித்தான்.”

அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தோள்கள் மெல்ல இறங்கின. “அப்ப ஒடம்புதான் காரணம்” என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல். “ஒடம்புதான்.”

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் எதிரே வந்த ஒரு வண்டியின் நம்பரையும் பார்க்கவில்லை.

மறுநாள் போனபோது நான்கு இன்ஜெக்டர்களும் துணியின்மேல் வரிசையாகக் கிடந்தன, வெள்ளிச் சாமான்போல். அதிர்வுத் தொட்டியில் போட்டுக் கரியை உதிர்த்திருந்தார். எது எந்த சிலிண்டருக்கு உரியதோ அதிலேயே போக வேண்டும் என்று நம்பர் எழுதியிருந்தார். புது செம்பு வாஷர்கள் போட்டு ஒவ்வொன்றாக இறக்கினார். டீசல் ஃபில்டரை மாற்றினார். கையால் பம்ப் அடித்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். சீட்டைத் திரும்ப மாட்டினார்.

“இப்ப திருப்புங்க.”

இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. உதறல் இல்லை. சீட்டின்மேல் வைத்த தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் அசையவே இல்லை.

“அம்பது கிலோமீட்டர் ஹைவேல நிக்காம ஓட்டிட்டு வாங்க” என்றார் ஊசிக்காரர். “உள்ள மிச்சம் மீதி ஒட்டியிருக்கறதெல்லாம் எரிஞ்சு போகும். எங்க போகணும்னு யோசிக்காதீங்க. சும்மா போங்க.” பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “சாயங்காலத்துல எனக்கும் இங்க வேலை இருக்காது. ரேடியோ ஓடிட்டுதான் இருக்கும்” என்று சேர்த்துக்கொண்டார்.

அவள் தலையாட்டினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

யாரையும் ஏற்றாமல், யாரையும் இறக்காமல் அவள் அந்த வேனை அவ்வளவு தூரம் ஓட்டியதே கிடையாது. முதலில் வேகமெடுக்கக் கூச்சமாக இருந்தது. பிறகு இன்ஜின் தானாகவே இழுத்துக்கொண்டு போயிற்று. இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் பாலம் வந்தது. அதைத் தாண்டிச் சாலையோரம் ஒதுக்கி, இறங்கி நின்றாள். அங்கே ஒரு லாரிக்காரர் கேனிலிருந்து தண்ணீர் சாய்த்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“வண்டி நின்னுடுச்சாக்கா? பாக்கட்டுமா?”

“இல்ல தம்பி. இன்ஜெக்டர் வேலை பாத்தது. ஓட்டிப் பாக்கறேன்.”

அவர் எட்டி மீட்டரைப் பார்த்தார். “அஞ்சு லட்சத்துக்கு மேலயா! அம்மாடி. அம்புட்டும் தனியாவா ஓட்டுனீங்க?”

அவள் பாலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். நேற்று சொல்ல முடியாமல் விழுங்கியது இப்போது எளிதாக வந்தது.

“இல்ல. ஆறு வருஷம் கூட ஒருத்தர் பேசிட்டே வந்தார்.”

லாரிக்காரர் “நல்லதுக்கா” என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் லாரியில் ஏறினார். அது போய் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேனைத் திருப்பினாள்.