கோடி வீட்டுத் தோள்

எங்கள் தெருவில் பெருமை பேசாத வீடு கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு சைக்கிள் வந்தால் எதிரே வரும் ஸ்கூட்டர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம்தான் தெரு. ஆனால் அதற்குள் ஆஸ்திரேலியா இருக்கிறது, கனடா இருக்கிறது, கத்தாரும் ஜோகூரும் நியூஜெர்சியும் இருக்கின்றன. குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், உலகத்தில் எங்கே மழை, எங்கே பனி என்று தெரிந்துவிடும். தில்லையம்மாள் தன் பிள்ளை இருக்கும் சிட்னியில் இப்போது குளிர் என்று சொல்லிவிட்டு, இங்கே ஆடிப் புழுக்கத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். நானும் சளைத்தவள் இல்லை. என் மகன் குமரகுரு தென்னாப்பிரிக்காவில், டர்பன் துறைமுகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். டர்பன் எங்கே இருக்கிறது என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டுத் தறி ஓடாது.

இந்தப் பெருமையெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை ஒரே இடத்தில் வந்து சேரும். ஆடிக் கடைசி ஞாயிறு எங்கள் தெரு கங்கையம்மன் சப்பரத்தில் வலம் வருவாள். சப்பரத்தைத் தூக்கும் இரண்டு தண்டிலும் வீட்டுக்கு ஓர் இடம் உண்டு. தூக்குவதற்கு முன்னால் தெருத் தலைவர் ஒவ்வொரு வீட்டின் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார்; தலைவர் மட்டும் தூக்குவதில்லை. அந்த வீட்டு ஆண் "வந்தேன்" என்று சொல்லித் தண்டுக்கு அடியில் தோள் கொடுப்பான். ஆண் ஊரில் இல்லையென்றால் அவனுடைய துண்டை அந்த இடத்தில் கட்டிவிட்டு, வீட்டுப் பெண் "துண்டு இருக்குது" என்பாள். துண்டு இருந்தால் ஆள் இருந்த மாதிரி. அவன் பங்குக் கனத்தைப் பக்கத்துத் தோள்கள் ஏற்றுக்கொள்ளும்.

ஒரு காலத்தில் பட்டாளத்துக்குப் போனவனுக்கும் ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்கும்தான் துண்டு கட்டினார்கள். இப்போது துண்டு கட்டுவதே அந்தஸ்தாகிவிட்டது. தில்லையம்மாள் கட்டுவது கங்காரு படம் போட்ட குளியல் துண்டு. எங்கள் வீட்டில் மட்டும் என் வீட்டுக்காரர் பஞ்சாட்சரம் விடாமல் தூக்கிக்கொண்டிருந்தார். அதனால் எனக்குத் துண்டு கட்டும் பாக்கியம் வாய்க்கவில்லை என்று உள்ளூர ஒரு குறை.

போன வருஷம் சப்பரத் தண்டு துணிக்கடை வாசல் மாதிரி இருந்தது. இடப்பக்கம் ஏறக்குறைய எல்லாம் துண்டு. குழாயடி தாண்டித் திரும்பும்போது சப்பரம் அந்தப் பக்கமே சாய்ந்து, அம்மன் கிரீடம் கரண்ட் கம்பத்தில் இடித்தது. கீழே விழாமல் தாங்கிப் பிடித்தவர் என் வீட்டுக்காரர். எங்கள் வாசல் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்த்தார். தோள் போய்விட்டது. ஆபரேஷன் செய்தும் இன்னும் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடிவதில்லை.

இந்த ஆடி பிறந்ததும் தெருத் தலைவர் மாணிக்கவேல் கோயில் வாசலில் எல்லோரையும் கூட்டினார்.

"இந்த வருஷம் ஆத்தா வண்டியில வரா. குட்டி யானைக்குச் சொல்லியாச்சு" என்றார்.

குட்டி யானை என்றால் சரக்கு ஏற்றும் சின்ன லாரி. அது குழாயடி வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் தெரு ஒடுங்கிவிடுகிறது. ஒடுங்கிய தெருவின் கடைசியில் இருப்பது என் வீடு. கோடி வீடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"அப்போ என் வாசலுக்கு?" என்று கேட்டேன்.

"குழாயடிக்கு வந்து கும்பிட்டுக்கோமா. ஆத்தா கோச்சிக்க மாட்டா."

"ஆத்தா கோச்சிக்க மாட்டா, சரி. நான் கோச்சிப்பேண்ணா."

கூட்டம் சிரித்தது. மாணிக்கவேல் சிரிக்கவில்லை. "தோள் எங்கமா இருக்குது? நீயே பாரு. புள்ளைங்கள ஏரோப்ளேன் ஏத்தி வுட்டது நாமதான். ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறதும் நாமதான். ஆத்தாவ யாரு தூக்கறது? தெருவுல இல்லாத ஆள கூலிக்குக் கூட்டியாந்து தண்டுல கைவைக்க வுட மாட்டேன். அதான் வண்டி."

ஒரு முறை வண்டியில் ஏறிவிட்டால் அம்மன் மறுபடி தோளுக்கு இறங்கப் போவதில்லை. சௌகரியத்தைக் கண்டவர்கள் யார் விடுவார்கள்? நான் வாழ வந்த நாளிலிருந்து அம்மன் என் வாசலில் நிற்காத ஆடி கிடையாது. அந்த வாசலுக்குக் கொண்டுவரத்தானே இந்த மனுஷன் தோளைக் கொடுத்தார்? அவர் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய், தறிக்கான ஊடை நூலை ஒற்றைக் கையால் குழலில் சுற்ற உட்கார்ந்தார். அவர் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் குமரகுருவின் போனிலிருந்து வீடியோ கால் வந்தது. எடுத்தால் அவன் இல்லை. பெரிய பொட்டும் தங்க ஃபிரேம் கண்ணாடியுமாக ஓர் அம்மாள். "வணக்கம், மா! மிஸஸ் கோவெண்டர்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, இங்கிலீஷில் கடகடவென்று ஏதோ சொன்னாள். 'சன்' என்பதும் 'ஸ்ட்ராங்' என்பதும்தான் எனக்கு விளங்கியது. பிறகு போனைத் திருப்பிக் காட்டினாள்.

கோயில். வேப்பிலைத் தோரணம். மஞ்சள் உடுத்திய கூட்டம். நடுவில் ஒரு சப்பரம். அதன் தண்டுக்கு அடியில், வேர்த்து ஊற்ற, என் பிள்ளை! தறிக்குழியில் கொஞ்சம் உட்காரடா என்றால் முதுகு வலிக்கிறது என்று ஓடிய பிள்ளை, மாரியம்மனைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் குழலைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

சப்பரம் இறக்கிய பிறகு மூச்சு வாங்க அவனே பேசினான்.

"யார்டா அவங்கல்லாம்?"

"இங்கியே பொறந்தவங்கம்மா. இவங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் முன்ன, மெட்ராஸ்ல கப்பல் ஏறி கரும்பு வெட்ட வந்தவங்க. நெறைய பேருக்குத் தமிழ் வராது. ஆனா ஆடின்னா கூழ் ஊத்தாம இருக்க மாட்டாங்க."

"உன்ன எப்படிடா தூக்க வுட்டாங்க? எந்தத் தெரு, எந்த வீடுன்னு கேக்கலயா?"

"இன்னாத்துக்கு கேக்கணும்? நான் ஓரமா நின்னு பாத்துக்கினு இருந்தேன். அந்த ஆன்ட்டிதான் கைய புடிச்சி இழுத்தாங்க. தோள் இருக்குதில்ல, வான்னாங்க. அவ்ளோதாம்மா."

போனை வைத்த பிறகும் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. கரும்பு வெட்டப் போன இடத்தில் அம்மனுக்கு ஒரு கோயில் கட்டி, இத்தனை தலைமுறை கழித்து என் பிள்ளைக்கு அதில் ஒரு தோள் இடமும் வைத்திருக்கிறார்களே! அவர்களை நினைத்துப் பெருமைப்பட்டேன். என் பிள்ளையை நினைத்தும் பெருமைப்பட்டேன். எங்கள் தெருவை நினைத்தபோது மட்டும் வயிறு எரிந்தது.

அப்போது தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டது. மாடியில் குடியிருக்கும் திபாகர் ஞாயிறு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துவிட்டான்.

குமரகுரு கல்யாணம் முடித்து வந்து இருக்கட்டும் என்று அவன் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடி அது. அவன் வருகிற வரை சும்மா கிடப்பானேன் என்று வாடகைக்கு விட்டோம். திபாகர் ஒடிசாக்காரன், ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை. தெரு அவனைத் திவாகர் ஆக்கிவிட்டது. என் வீட்டுக்காரருக்குத் தோள் போனதிலிருந்து காலையில் எங்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவான். நான் மாடிக்குப் போனபோது பருப்பு தாளித்துக்கொண்டிருந்தான்.

"திவாகர், ஆத்தாவ தூக்குவியா?"

புரிகிறதா இல்லையா என்று பார்த்தேன். கரண்டியை வைத்துவிட்டுத் தன் தோளைத் தட்டினான். "எங்க ஊர்லயும் ஆத்தா இருக்குதும்மா. டாகுராணி. அப்பா தூக்கும், நானும் தூக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா இங்க நாங்க வெளி ஆள்தானே?" என்றான்.

"அத நான் பாத்துக்கறேன்" என்றேன்.

கீழே இறங்கும்போது மாடிப்படியிலிருந்து தெருவைப் பார்த்தேன். வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய மாடிகள் வரிசையாக நின்றன. எல்லா மாடியிலும் கம்பெனி யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. தில்லையம்மாள் மாடியில் அஸ்ஸாம் பையன்கள், மாணிக்கவேல் மாடியில் பீகாரிலிருந்து வந்த ஒருவன். துண்டு கட்டிய வீட்டிலெல்லாம் மேலே ஒரு தோள் இருந்தது. எங்களுக்குத்தான் அண்ணாந்து பார்க்கத் தெரியவில்லை.

அன்றே தில்லையம்மாளிடம் போய்ச் சொன்னேன். குழாயடிப் பெண்களுக்கெல்லாம் அவள் சொல்லிவிடுவாள். மாணிக்கவேலிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. முன்கூட்டிக் கேட்டால் முடியாது என்பார். அம்மன் முன்னால் கேட்டால் யோசிப்பார்.

கடைசி ஞாயிறு பொழுது சாய்கிற நேரம். குட்டி யானைக்கு வாழைமரம் கட்டி, சீரியல் பல்பு சுற்றிக் கோயில் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். நான் உள்ளே போய்த் தண்டுகளைப் பார்த்தேன். வழக்கத்தை விடக் கூடாது என்று அவரவர் துண்டைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தூக்கப்போவதில்லை என்று தெரிந்தும் கட்டியிருந்தார்கள். நான் துண்டு கொண்டுபோகவில்லை. திபாகரைக் கொண்டுபோயிருந்தேன். குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு என் பின்னால் நின்றான்.

"அண்ணா, வீட்டுப் பேரைக் கூப்புடுங்க" என்றேன்.

மாணிக்கவேல் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. "இன்னாமா இது? வாடகைக்கு இருக்கறவன் எப்படி வீட்டு ஆளாவான்?"

"டர்பன்ல என் புள்ளையும் வாடகைக்குத்தான் இருக்கறான். இந்த ஆடியிலயே அங்க ஆத்தாவ தூக்கினான். நான் கண்ணால பாத்தேன். உங்க பையன் ஜோகூர்ல சொந்த வீட்டுலயாண்ணா இருக்கறான்?"

"அங்க இருக்கறவங்க நம்ம சனம்மா."

"அவங்களுக்கு நம்ம பேச்சு வராது, நம்ம தெரு தெரியாது. தோள் இருக்குதில்ல, வான்னாங்க. நம்ம தெருவுல சோறு தின்னுக்கினு, நம்ம குழாயில தண்ணி புடிச்சிக்கினு இருக்கறவன நாம வெளி ஆளுன்றோம். நீங்க புள்ளைங்க பேரையா கூப்புடறீங்க? வீட்டு பேரத்தான கூப்புடறீங்க. கோடி வீட்ல இன்னிக்கு தூக்க முடிஞ்ச ஆம்பள இவன்தான். கூப்புட்டுப் பாருங்க, வரானா இல்லியான்னு."

மேளக்காரர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தன் தோள் துண்டை ஒற்றைக் கையாலேயே நாலாக மடித்துத் திபாகரின் தோளில் வைத்தார். எங்கள் இடம் இடப்பக்கத் தண்டின் முன்முனை. அங்கே அவனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "கூப்புடு மாணிக்கம்" என்றார். அந்த மாதம் முழுக்க அவர் பேசிய பேச்சே அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குள் தில்லையம்மாள் தண்டிலிருந்த கங்காரு துண்டை அவிழ்த்துவிட்டாள். தன் மாடியிலிருக்கும் அஸ்ஸாம்காரன் தோளில் அதைப் போட்டு, "கசக்காம தூக்கு, சிட்னி துண்டு" என்றாள். அவள் பெருமை அவளுக்கு. அடுத்தடுத்து முடிச்சுகள் அவிழ்ந்தன. கத்தார் துண்டும் கனடா துண்டும் ஒவ்வொரு தோளாக ஏறின.

மாணிக்கவேல் அம்மனை ஒரு முறை கும்பிட்டுக்கொண்டார்.

"கோடி வீடு!"

"வந்தேன்!" என்றான் திபாகர். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். எங்கள் ஆண்கள் இருந்த வீட்டில் அவர்கள் சொன்னார்கள். இல்லாத வீட்டுக்கு மாடியிலிருந்து வந்தவன் சொன்னான். ஒவ்வொருவன் வாயிலும் அந்த 'வந்தேன்' வேறு மாதிரி ஒலித்தது. தன் வீட்டுப் பெயரைக் கடைசியில் கூப்பிட்டுவிட்டு மாணிக்கவேல் தண்டைத் திரும்பிப் பார்த்தார். பீகார்க்காரன் "வந்தேன் ஐயா" என்றான். ஐயா என்று சொல்லும் வழக்கமில்லை. யாரும் திருத்தவில்லை.

சப்பரம் எழும்பியது. ஒரு பக்கமும் சாயவில்லை. குட்டி யானை டிரைவர் சீரியல் பல்பை அணைத்துவிட்டு, எங்களோடு கூழ் வாங்கிக் குடித்தார்.

குழாயடியில் என் கண் கரண்ட் கம்பத்தின் மேலேயே இருந்தது. சப்பரம் நிற்காமல் தாண்டி, ஒடுங்கிய தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் தோள்கள் உரச உரச வந்து, என் வாசலில் நின்றது. கற்பூரம் ஏற்றினேன். என் வீட்டுக்காரர் ஒரு கையால் கும்பிட்டார். இந்தத் தெரு உலகம் முழுக்கத் தோள் அனுப்பியிருக்கிறது. உலகமும் எங்களுக்குத் தோள் அனுப்பியிருக்கிறது என்று உரக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது. மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

என்னிடம் கொடுத்து வைத்திருந்த திபாகரின் போன் அப்போது அதிர்ந்தது. வீடியோ கால். எடுத்தேன். முக்காடு போட்ட ஓர் அம்மாள் திரையில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்துத் திகைத்து ஏதோ கேட்டாள். அவள் பேச்சில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் என்ன கேட்டிருப்பாள் என்று தெரியும்.

"வணக்கம், மா" என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். போனைத் திருப்பித் தண்டுக்கு அடியில் இருந்தவனைக் காட்டினேன். "உன் புள்ளதான். பாரு. ஸ்ட்ராங்!" என்றேன்.

அவள் திரைக்கு வெகு பக்கத்தில் வந்தாள். சிரித்தாள், அழுதாள், யாரையோ கூவிக் கூப்பிட்டாள். வீடு முழுக்க ஓடிவந்து அந்தச் சின்னத் திரையில் முட்டிக்கொண்டது.

இடுப்பில் செருகியிருந்த என் போனும் அடிக்க ஆரம்பித்தது. டர்பனாகத்தான் இருக்கும். அவன் கொஞ்சம் காத்திருக்கட்டும். அந்த அம்மாள் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.