தப்பான இடத்தில் ஒரு கைதட்டல்

பெரியவர் பிறந்தநாள் வந்துவிட்டால் தையல்கார அக்காவின் கடை ஷட்டர் பாதி இறங்கிவிடும். பெரியவர் என்றால் யாருக்கும் சொந்தக்காரர் இல்லை. ஜாஸ் இசையமைப்பாளர், பியானோக்காரர், போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அந்த ஊரில் அவருக்கு இருந்த ரசிகர்களை ஒரே காரில் அடைத்துவிடலாம். ஆனால் சண்டை என்று வந்தால் ஆளாளுக்கு ஒரு கட்சி.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு இசைத்தட்டு கொண்டுவந்து, போடுவதற்கு முன் "இந்த இடத்தைக் கேளுங்க" என்று ஒரே ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும். ஏன், எதற்கு என்று விளக்க ஆரம்பித்தால் அடுத்த டீயை அவர்தான் போட வேண்டும். கடைசியாக, பெரியவர் இந்த ஊருக்கு வந்து வாசித்த ஒரே கச்சேரியின் பதிவு ஓடும். இந்த வருஷம் பஸ் டிரைவர் லீவு போட்டுவிட்டு வந்ததே அதற்காகத்தான்.

அந்தக் கச்சேரிக்கு மனைவியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். நடுவில் பெரியவர் சட்டென்று கையைத் தூக்கி ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். முடிந்துவிட்டது என்று நினைத்து அவள் படபடவென்று கைதட்டிவிட்டாள், தன்னந்தனியாக. மண்டபமே திரும்பிப் பார்த்தது. "ஐயய்யோ, முடியலையா?" என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்தியும் அடங்காமல் சிரித்தாள். அத்தனையும் பதிவில் விழுந்துவிட்டது. இந்தக் கூட்டத்தோடு டிரைவர் பழகியது அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு வருஷமும் அந்த இடம் வரும்போது, "யாரு பெத்த புள்ளையோ, ஞானசூனியம்!" என்று கூட்டமே திட்டும். டிரைவரும் சேர்ந்து திட்டினார். என் பொண்டாட்டிதான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. தூ, அதுவும் ஒரு கௌரவம்!

காய்ச்சல் என்று படுத்தவள் போன மழைக்காலத்தில் போய்விட்டாள். போட்டோ வீடு நிறைய இருக்கிறது. குரல்தான் இல்லை. போனில் பேசி அனுப்பச் சொன்னால், "வீட்டுக்குத்தானே வரப்போறீங்க? வந்ததும் திட்டிக்கறேன்" என்பாள். அந்தச் சிரிப்பை விட்டால் அவளிடமிருந்து மிச்சம் எதுவும் கிடையாது. இந்தப் பிறந்தநாளில் உண்மையைச் சொல்லி அந்தப் பதிவுக்கு ஒரு நகல் கேட்டு வாங்கிவிடுவது என்று நினைத்து நினைத்து, நேற்று ரெண்டு ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தாமல்கூடப் போயிருக்கிறார் மனுஷர்.

பல் டாக்டர் ஒரு டிரம்ஸ் கச்சேரி போட்டார். "பல்லு புடுங்கும்போது இதைத்தான் ஓட விடுவேன். பேஷண்ட் கத்துறதும் தாளத்துலயே விழும்."

"விளக்கம் சொல்லிட்டீங்க டாக்டரே. போங்க, அடுப்பைப் பத்த வைங்க" என்றாள் அக்கா.

டிரைவர் முறை வந்தது. அவர் கையில் ஒன்றுமில்லை. "நான் எதுவும் கொண்டு வரல. கடைசிப் பதிவுதான் இந்தத் தடவ என்னோடது. பெரியவர் நிறுத்துவாரே, அந்த இடத்தைக் கேளுங்க."

"அண்ணே, சொல்லி வச்ச மாதிரி சொல்றீங்க!" என்று துள்ளினார் சவுண்டுக்காரர். அந்தக் கச்சேரியைப் பதிவு செய்தவரே அவர்தான். "கேளுங்க, கேளுங்க."

பியானோ ஓடியது. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் நிறுத்தினார். துடைத்துப் போட்ட மாதிரி ஒரு நிசப்தம். மறுபடி பியானோ.

"எப்படி?" சவுண்டுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. "அந்தச் சனியன் புடிச்ச கைதட்டலைத் தூக்கிட்டேன்ல! உங்களுக்காகத்தான்ணே. வீட்டுல இப்படி ஆனதுலேருந்து நீங்க பழையபடி இல்ல. ஒரு தொந்தரவும் இல்லாம அண்ணன் கேக்கட்டுமேன்னு ராத்திரி பகலா உக்காந்தேன்."

டிரைவர் கண்ணைத் திறந்தார். "பழைய டேப்பு?"

"பூஞ்சை புடிச்சு அறுந்துபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"கம்ப்யூட்டர்ல?"

"அது மேலேயேதான் திருத்தினேன். இனி எதுக்குண்ணே அது?"

டிரைவர் அவர் முகத்தைப் பார்த்தார். தூக்கம் கெட்டுக் கண் சிவந்திருந்தது. இந்த ஆளை எப்படித் திட்டுவது?

"நல்லா இருக்குப்பா. இன்னொரு தடவ போடு."

போட்டார். டாக்டர் டீ டம்ளர்களோடு வந்து நின்றார். பெரியவர் கையைத் தூக்கும் இடம் வந்தது. பியானோ நின்றது.

படபடவென்று கைதட்டல் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். டிரைவர்தான் தட்டிக்கொண்டிருந்தார், தன்னந்தனியாக.

"ஐயய்யோ, முடியலையா?" என்றார்.

அந்த வார்த்தை தெரியாதவர் அந்தக் கடையில் யாரும் இல்லை. அக்காவின் கை கழுத்தில் கிடந்த அளவு டேப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டது. சவுண்டுக்காரர் முதலில் சிரிக்கத்தான் போனார். பிறகு முகம் செத்துவிட்டது.

"அண்ணே... அது அண்ணியா?"

டிரைவர் தலையாட்டினார். அடுத்து அவள் சிரித்தது போலவே சிரித்துக் காட்ட வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. பியானோ தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே போனது.