பின்சீட்டில் ஒரு சிவப்பு அம்பு

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததில்லை. தாராபுரம் ரோட்டில் ஒரு பேக்கரியில், பக்கத்து டேபிளில் பேசியதை ஒட்டுக்கேட்டு எடுத்தது. ஒட்டுக்கேட்டேன் என்றால் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் காற்றோடு போட்டி போடுகிற சத்தத்தில்தான் பேசுவார்கள். கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

நான் சாமியப்பன். பனியன் கழுத்துக்குள் உறுத்துமே, "திருப்பிப் போட்டு உலர்த்தவும்" என்று ஒரு துண்டு, அந்த லேபிளை அச்சடிக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். நான் அச்சேற்றியதில் அதிகம் பேர் கைக்குப் போனது அதுதான். வெளிநாட்டில் அதைக் கத்தரித்து எறிகிறார்கள். கதையும் எழுதுவேன். அதைக் கத்தரித்து எறிகிறவர்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். என் வண்டி மொபெட். ஆகவே பைக் சமாச்சாரத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் நான்காம் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். அங்கே உங்களைவிடக் கோபக்காரி ஒருத்தி இருக்கிறாள்.

2

முதல் தொடக்கம்: "நீல மின்னல் ஒன்று கொடுவாய் ஊரைக் கடந்து தெற்கே பாய்ந்த அந்த அதிகாலையில்..."

[அடித்துவிட்டேன். மின்னல் பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்காது.]

இரண்டாம் தொடக்கம்: "பிரபாகருக்கு முப்பத்தெட்டு வயதானபோது அவனுடைய வலது கை..."

[பாதியில் விட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கிறது.]

சரி, அலங்காரம் வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று பேர். மூவரும் வருடக்கணக்காக ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஒன்றாகச் சுற்றியவர்கள். அதில் ஜெபக்குமார் மட்டும் போன தை மாதம் கட்சி மாறி குரூஸர் வாங்கிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு டீயோடு சேர்த்து கேலியும் கிடைக்கிறது.

"குரூஸர்ங்கறது சோபாவுக்கு சக்கரம் மாட்டுனது மாப்ளே," என்றான் சிவராஜ். "காலை முன்னாடி நீட்டிக்கிட்டு, நெஞ்சைத் தொறந்து காட்டிக்கிட்டு. வளைவுல நம்ம வண்டி மாதிரி சாச்சுப் பாரு, ஃபுட்ரெஸ்ட் ரோட்டத் தேய்க்கும்."

"நான் எதுக்குலே சாய்க்கேன்? நீ தரையப் பாத்துக்கிட்டே உடுமலைக்குப் போற. நான் கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் பாத்துக்கிட்டுப் போறேன். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஊரு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது," என்றான் ஜெபக்குமார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், திருப்பூருக்கு வந்து இருபது வருடமாகியும் அந்த 'லே' அவனை விட்டுப் போகவில்லை.

"வேகம் வேண்டாமாக்கும்?"

"வேகம் இருக்கு. அவசரம்தான் இல்ல."

இதுவரைக்கும் வெறும் பேச்சு. மூன்றாமவன் பிரபாகர், சாய ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர், முட்டை பப்ஸைப் பிய்த்துப் பிய்த்துத் தின்னாமல் வைத்திருந்தான். திடீரென்று சொன்னான்: "எனக்குக் கை மரத்துப்போவுது மாப்ளே. பிரேக்கப் புடிச்சிருக்கறனா இல்லியான்னு கண்ணுல பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்."

சிவராஜின் சிரிப்பு அப்படியே நின்றது.

"கழுத்தெலும்பு தேஞ்சிருக்குதாமா. குனிஞ்சு ஓட்டக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. நானும் குரூஸருக்கே மாறிக்கலாம்னு இருக்கறேன்." பிரபாகர் வெளியே நின்ற தன் நீல வண்டியைப் பார்த்தான். "சித்ராவும் பாவம். அந்தப் பின்சீட்டு ஒரு பன்னு அளவுக்குத்தான் இருக்குது. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அதுல ஒட்டிக்கிட்டு வர்றா. குரூஸர்ல பேக்ரெஸ்ட் இருக்குது. சாஞ்சுக்கிட்டு சொகமா வருவா."

அடடா, என்றது என் மனசு. உயிராக நேசித்த வண்டியை மனைவியின் முதுகுக்காக விட்டுக்கொடுக்கும் கணவன்! பில்லின் பின்பக்கத்தில் அங்கேயே குறிப்பெடுத்தேன். ஒரு ஆளின் துக்கத்தைப் பக்கத்து டேபிளில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என்ன பிழைப்பு என்று கேட்காதீர்கள். எழுத்தாளன் பிழைப்பு அதுதான்.

3

ஆம்பளைகளை எழுதிவிட்டேன். சித்ராதேவியிடம்தான் மாட்டிக்கொண்டேன். அப்போது அவளை எனக்குத் தெரியாது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவர்கள் டேபிளுக்கே மாறிப் பழகி, கதை எழுதுவதையும் சொல்லி, பிரபாகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், சின்ன வயதிலேயே அப்பா அம்மாவோடு பனியன் வேலைக்கு வந்தவள், இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். காதல் கல்யாணம். ஒரு பெண் குழந்தை. வீட்டில் அவனுடைய அப்பா அம்மாவும் உண்டு.

மிச்சத்தைக் கற்பனையில் நிரப்பினேன். ஜெபக்குமாரின் கறுப்பு குரூஸரை இரவல் வாங்கி பிரபாகர் அவளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தான். அது நிஜம். அதை நான் எழுதிய லட்சணம் இது:

"இதுவரை ஒரு குறையும் வாய்திறந்து சொல்லாதவள் அவள். கூந்தலில் மல்லிகை மணக்க, பேக்ரெஸ்டில் மெல்லச் சாய்ந்தாள். எத்தனையோ ஆண்டுகளின் முதுகுவலி அந்தக் கணத்தில் கரைந்தது. அவள் முகத்தில் நிம்மதி படர்ந்தது."

(இந்த இடத்தில் ஒரு நட்சத்திரக்குறி போட்டு, அடியில் 'நிம்மதி எப்படிப் படரும், அது என்ன அவரைக்கொடியா?' என்று எழுதி வைத்திருந்தேன். சந்தேகம் எனக்கே இருந்தது என்பதற்கு அத்தாட்சி அது ஒன்றுதான்.)

வண்டி விஷயத்தில் பிழை இருக்கிறதா பார் என்று பிரிண்ட் எடுத்து பிரபாகரிடம் கொடுத்தேன். அவன் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

4

சித்ராதேவி தன் ஸ்கூட்டரில் என் யூனிட்டுக்கே வந்துவிட்டாள். லேபிள் மெஷின் சத்தத்தையும் மீறி, "இங்க சாமியப்பன்ங்கறது யாரு?" என்று அவள் குரல் கேட்டது. மெஷினை நிறுத்தினேன். காகிதங்களை மேசைமேல் வைத்தாள். எல்லாவற்றிலும் சின்னச் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

பனியன் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். செக்கிங்கில் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு அம்பு ஒட்டுவார்கள். அம்பு, குறை எங்கே என்று மட்டும்தான் காட்டும். என்ன குறை என்று டெய்லர்தான் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

"கூந்தல்ல மல்லிகையா? ஹெல்மெட்டுக்குள்ள எப்படிண்ணே மல்லிகை மணக்கும்?"

"அது... ஒரு அழகுக்குங்க."

"அடுத்தது. நான் வாய்திறக்காதவளா? எங்க லைன்ல வந்து கேட்டுப் பாருங்க. அறுபது பேரு சிரிப்பாக."

ஒவ்வொன்றாகத் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக என்னை வாசித்தவர் யாருமில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசி அம்பு 'பேக்ரெஸ்டில் சாய்ந்தாள்' என்ற வரியில் இருந்தது. அதற்கு மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"இதுல என்னங்க தப்பு?"

மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரல் தணிந்து வந்தது.

"அவுகளுக்கு நைட் ஷிஃப்டு, எனக்குப் பகல். ரெண்டு பேரும் சேந்து வீட்டுல இருந்தா அத்தை மாமா இருப்பாக. படுத்தா பாப்பா நடுவுல. ஞாயித்துக்கெழம சாயந்தரம் பாப்பாவ அத்தைகிட்ட விட்டுட்டு அந்த நீல வண்டியில போவோம். அந்தச் சீட்டுல தனியா உக்காரவே முடியாதுண்ணே. அவுக முதுகுல சாஞ்சுதான் வரணும். குண்டடம் தாண்டிட்டா ஆடிக்காத்து ஆளையே தூக்கும். இறுக்கிப் புடிச்சுக்கிடுவேன். ஊரே பாத்தாலும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா. வண்டி அப்படி."

மேசையில் சிதறிக் கிடந்த லேபிள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"ஜெபாண்ணன் வண்டி சொகமாத்தான் இருந்துச்சு. பஸ்ஸுல போற மாதிரி. அவுக எங்கயோ முன்னாடி இருந்தாக. எனக்குக் கையை எங்க வைக்கன்னு தெரியல. மடியில வச்சுக்கிட்டு வந்தேன்."

"பிரபாகர்கிட்டச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா நீல வண்டிய விக்கமாட்டாக! கை மரத்துப்போற மனுசன் எனக்காக வேண்டி அதையே ஓட்டுவாக. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நீங்களும் சொல்லிராதீக."

"அப்ப இந்த வரிய இப்படியே விட்டுரட்டுங்களா?"

"அதெப்படி? தப்புன்னா தப்புதான?" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

சொல்லவும் கூடாது, தப்பாகவும் இருக்கக் கூடாது. எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னை இப்படிப் படுத்தியதில்லை.

5

முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன்.

முடிவு அ: நீல வண்டி போகிறது. குரூஸர் வருகிறது. அவள் சுகமாக இருப்பதாக நினைத்து அவன் சந்தோஷப்படுகிறான். அவன் கை பிழைத்ததே என்று அவள் சந்தோஷப்படுகிறாள். அவள் கைகள் மடியில். பரிசுப் போட்டிக்கு அனுப்பினால் நடுவர்கள் கண் கலங்குவார்கள். ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியவன். என் தொண்டையில் அது இறங்காது.

முடிவு ஆ: அவன் நீல வண்டியையே வைத்துக்கொள்கிறான். ஒருநாள் அமராவதி டேமுக்கு மீன் சாப்பிடப் போகும்போது, ஒரு வளைவில், அவன் கை...

[எழுத மாட்டேன். கதைக்காகக்கூட எழுத மாட்டேன். போங்கள்.]

முடிவு இ தோன்றவில்லை. பேக்கரிக்குப் போனேன். பிரபாகர் வராத சமயம் பார்த்து மற்ற இருவரிடமும் கேட்டேன்.

"ஒரு கதைக்குங்க. குரூஸர்ல அந்த பேக்ரெஸ்ட்டக் கழட்ட முடியுங்களா?"

"நாலு போல்ட்டுண்ணே," என்றான் ஜெபக்குமார். "ஆனா எவன் கழட்டுவான்? கழட்டிட்டா பின்னாடி இருக்கற ஆளு ஓட்டுறவனப் புடிச்சுக்கிட்டுத்தான் வரணும்."

"ஸ்போர்ட்ஸ் பைக்ல குனியாம ஓட்ட வழி?"

"ஹேண்டில்பாரத் தூக்கி வெக்கறதுக்கு கிட்டு விக்குதுங்ணா," என்றான் சிவராஜ். "அழகு போயிரும். கழுத்துக்குத் தேவலையா இருக்கும். எதுக்குங்ணா, மொபெட்ட விக்கறீங்களா?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் டீ அன்றைக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

6

பிரபாகரை வரச்சொல்லி அம்பு ஒட்டிய அதே காகிதங்களை அவன் கையில் கொடுத்தேன். நான் அவள் பேச்சை மீறவில்லை, கவனியுங்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. செக்கிங்கில் இருந்து திரும்பி வந்த சரக்கைத் தைத்த ஆளிடம் கொடுத்தேன், அவ்வளவுதான்.

மல்லிகையில் சிரித்தான். 'வாய்திறக்காதவள்' என்ற இடத்தில் சத்தமாகவே சிரித்தான். கடைசி அம்பில் நின்றான்.

"இது எங்க சித்ரா ஒட்டுனதுங்களாண்ணா?"

"ஆமாங்க."

"என்ன தப்புன்னு சொன்னாளுங்களா?"

"அம்பு ஒட்டறவங்க அதைச் சொல்றதில்லீங்களே தம்பி."

அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். மரத்துப்போகிற அந்தக் கை அவனை அறியாமல் போய்ச் சட்டைக்கு முன்னால், வயிற்றின்மேல் நின்றது. பின்னால் இருப்பவர் இறுக்கிப் பிடித்தால் விரல்கள் கோத்துக்கொள்ளும் இடம் அது. பிறகு காகிதங்களை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "வண்டி சமாச்சாரத்துல தப்பு ஒண்ணுமில்லீங்ணா," என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவர்களைக் கிண்டல் செய்ததற்கு வாபஸ்.

7

இதை நீங்கள் படிக்கும்போது கதை பத்திரிகையில் அச்சாகி, எந்த வண்டி என்பது முடிவாகி, பழைய சங்கதி ஆகியிருக்கும். சித்ராதேவி என்னைத் திட்டுவதாக இருந்தால் அம்பு ஒட்டித் திட்டட்டும்.

எனக்குத் தெரிந்த கடைசி விஷயம் இது. போன வாரம் பிரபாகர் யூனிட்டுக்கு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஸ்பேனர் செட்டு இருக்குங்களாண்ணா? ஊட்டுல ஒரு சின்ன வேலை."

எடுத்துக் கொடுத்தேன். என்ன வேலை என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. எந்த வண்டியில் வந்திருக்கிறான் என்று பார்க்க வாசலுக்கு ஓடினேன். படுபாவி, சாய ஆலை வேனில் ஏறிப் போய்க்கொண்டிருந்தான்.

நீல வண்டியின் ஹேண்டிலை உயர்த்தப்போகிறானா, புது வண்டியின் பேக்ரெஸ்டைக் கழற்றப்போகிறானா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அந்தப் பக்கம் மொபெட்டை ஓட்டாமல் இருக்கிறேன். ஸ்பேனர் செட் இன்னும் திரும்பி வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

நீங்கள் யாராவது அந்த நேரத்தில் குண்டடம் தாண்டி நின்றால், காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். நீலமா கறுப்பா, சோபாவா மின்னலா என்று வண்டியைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். பின்னால் இருப்பவளின் கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.